கேம்ப் மீட்டிங் எங்கிருந்து வந்தது? காட்டுக்குள் 20,000 பேர் கூடியது உண்மையா?

பட்டர்வொர்த்_மலர் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் குழு ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் கேம்ப் போடுகிறது. முதல் நாள் இரவு என்னை 20 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், "கேம்ப் மீட்டிங் எப்படித் தொடங்கியது" என்று. அதாவது வெளியில் கூடாரம் போட்டுப் பல நாள் தங்கி நடத்துகிற ஜெபக்கூட்டம். நாங்கள் மெதடிஸ்ட், அதனால் அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம் என்பது வரைக்கும் தெரியும். தேடிப் படித்ததில் கென்டக்கி, 1801, கேன் ரிட்ஜ் என்று ஓர் இடம், காட்டுக்கு நடுவில் 20,000 பேர் கூடினார்கள் என்று இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் 20,000 பேருக்கு ஒருவர் எப்படிப் பிரசங்கம் பண்ணியிருக்க முடியும்? எங்கள் ஆலயத்திலேயே ஸ்பீக்கர் கெட்டுப்போனால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது.

இன்னொன்று, படிக்கிற இடத்திலெல்லாம் ஜனங்கள் தொப்பென்று விழுந்தார்கள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, நாய் மாதிரி மரத்தடியில் குரைத்தார்கள் என்றே எழுதியிருக்கிறது. சபையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு, விட்டுவிடு" என்றார். எனக்கு விட மனசில்லை. எங்கள் பாட்டி சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் இருந்தவர், அவர் சிறு வயதில் திறந்தவெளிக் கூட்டம் நடந்த கதையைச் சொல்லும்போது முகமே மாறிவிடும். அதற்கும் கென்டக்கிக்கும் ஏதோ ஒரு கோடு போகிறது என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல்_வாத்தியார் எழுதியது:

மகளே, நல்ல கேள்வி. நான் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், சபையில் 30 வருடம் ஞாயிறு பள்ளியும் நடத்தியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த இடத்தைக் கண்முன் கொண்டு வர வேண்டும். அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய கையோடு கிழக்குக் கரையில் இருந்த ஜனங்கள் அப்பலாச்சியன் மலையைத் தாண்டி மேற்கே போகிறார்கள். அங்கே இருந்த பூர்வகுடிகளைத் தள்ளிவிட்டுத்தான் அந்த நிலம் கிடைத்தது, அதையும் சொல்லாமல் விடாதே. கென்டக்கியில் 1790 கணக்கெடுப்பில் 73,677 பேர், 1800இல் 2,20,955 பேர். பத்தே வருடத்தில் மூன்று மடங்கு. ஆனால் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பெரிய பட்டணமான லெக்சிங்டனிலேயே 2,000 பேர் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் காட்டை வெட்டி மரக்கட்டை வீடு கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் புகை தெரியாது. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை, செத்தால் அடக்கம் பண்ண ஆள் இல்லை. மெதடிஸ்ட் ஊழியர்கள் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார்கள், அவர்களுக்கு 1800இல் நிர்ணயித்த சம்பளம் வருடத்துக்கு 80 டாலர், அதுவும் முழுதாகக் கைக்கு வருவது அரிது.

இதில் லோகன் கவுண்டி என்ற இடத்தில் ஜேம்ஸ் மெக்ரெடி என்று ஒரு பிரெஸ்பிட்டேரியன் (ஸ்காட்லாந்து வழி வந்த புராட்டஸ்டன்ட் பிரிவு) போதகர். மூன்று சிறிய சபைகள் அவருக்கு. சபையாரிடம் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார்: சனிக்கிழமை மாலையும் ஞாயிறு விடியலும் ஜெபம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உபவாசம், இப்படி ஒரு வருடம். 1800 ஜூன் மாதம் ரெட் ரிவர் சபையில் திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனை. அங்கே மெக்கீ என்று அண்ணன் தம்பி இருவர் வந்திருந்தார்கள், ஒருவர் பிரெஸ்பிட்டேரியன், மற்றவர் மெதடிஸ்ட். கடைசி நாள் ஒரு பெண் சத்தமிட்டு ஸ்தோத்திரம் பண்ண ஆரம்பித்தார். மெதடிஸ்ட்காரர் ஜான் மெக்கீ எழுந்தபோது ஒருவர் அவரைத் தடுத்து, இவர்கள் ஒழுங்கை விரும்புகிற ஜனங்கள், குழப்பத்தைப் பொறுக்கமாட்டார்கள், அமைதியாகப் போய்விடு என்று சொன்னாராம். அவர் திரும்பினார், ஆனால் மனசு கேட்காமல் உள்ளே போய்த் தன்னால் முடிந்த மட்டும் சத்தமிட்டுப் புத்தி சொன்னார். கொஞ்ச நேரத்தில் தரை முழுக்க ஆட்கள் விழுந்து கிடந்தார்கள். அடுத்த மாதம் காஸ்பர் ரிவரில் திருவிருந்து என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஜனங்கள் வண்டி கட்டி, சாப்பாடு, பாய் படுக்கையோடு தூரம் தொலைவிலிருந்து வந்து இறங்கினார்கள். கட்டடம் போதவில்லை, கோடரியை எடுத்துப் புதரை வெட்டி, மரத்தடிகளைப் போட்டு உட்கார இடம் செய்தார்கள். திட்டமிட்டு நடந்த முதல் கேம்ப் மீட்டிங் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

பல நாள் திருவிருந்து என்பது அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழக்கம் அது. உபவாச நாளில் ஆரம்பித்து, ஞாயிறு மேசைக்கு வந்து, திங்கள் நன்றி ஆராதனையோடு முடியும். சுற்று வட்டாரம் முழுக்க வந்து வெளியில் உட்கார்ந்து கேட்பார்கள். மேசைக்கு வரத் தகுதி உள்ளவர்களுக்கு மூப்பர்கள் ஒரு சின்ன ஈய வில்லை கொடுப்பார்கள், அதைக் காட்டித்தான் திருவிருந்து எடுக்க முடியும். ஸ்காட்லாந்து காம்பஸ்லாங்கில் 1742இலேயே இப்படிப் பெருங்கூட்டமும் எழுப்புதலும் (ஜனங்கள் கூட்டமாக விசுவாசத்தில் விழித்தெழுவது) நடந்திருக்கிறது. கென்டக்கிக் காட்டில் புதிதாகச் சேர்ந்தது கூடாரம்தான், அங்கேயே தங்குவதுதான்.

இப்போது உன் 20,000 கணக்கு. கேன் ரிட்ஜ், 1801 ஆகஸ்ட், போதகர் பார்ட்டன் ஸ்டோன். மரக்கட்டை ஆலயம், சில நூறு பேருக்கு மேல் கொள்ளாது. வந்த கூட்டத்தை 10,000 என்பாரும் உண்டு, 25,000 என்பாரும் உண்டு, அத்தனையும் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பு, யாரும் தலை எண்ணவில்லை, அதோடு ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். "சுமார்" என்று சொல்லிப் பேசு. மைக் இல்லாமல் எப்படி என்றால், ஒருவர் பேசவில்லை. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தில், மேடையில் ஒருவர், வண்டி மேல் ஒருவர், வெட்டுண்ட மரத்தின் மேல் ஒருவர் என்று பிரசங்கித்தார்கள். பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் எல்லோரும் பேசினார்கள். ஆறேழு நாள் நடந்தது. ஏன் முடிந்தது தெரியுமா? சாப்பாடு தீர்ந்துவிட்டது. ஸ்டோனே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.


பிரிக்பீல்ட்ஸ்_சாமுவேல் எழுதியது:

வாத்தியார் ஐயா எழுதியதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம் சிஸ்டர். நான் லூத்தரன் சபையில் வளர்ந்தவன், எனக்கும் கொஞ்சம் தயக்கம் உண்டு. அந்த எழுப்புதலுக்குப் பிறகு சபைகள் உடைந்தன. ஸ்டோனும் சிலரும் 1803இல் தங்கள் சபை மன்றத்தை விட்டு வெளியேறித் தனி மன்றம் அமைத்து அதையும் 1804இல் தாங்களே கலைத்தார்கள், அவர்களோடு இருந்த சில ஊழியர்கள் ஷேக்கர்ஸ் என்ற குழுவோடு போய்விட்டார்கள். மெக்ரெடி பகுதியில் படிப்பு குறைந்தவர்களுக்கு ஊழியர் அபிஷேகம் கொடுக்கலாமா என்று சண்டை வந்து 1810இல் கம்பர்லண்ட் பிரெஸ்பிட்டேரியன் என்று தனியாகவே போனார்கள். கூட்டத்தின் ஓரத்தில் விஸ்கி விற்றவர்கள், வம்புக்கு வந்த வாலிபர்கள் எல்லாம் இருந்தார்கள். அதனால்தான் பிற்பாடு கேம்ப் மீட்டிங்கில் இராக்காவல், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், கொம்பு ஊதினால் எழுந்திரு, கொம்பு ஊதினால் ஜெபம் என்று அத்தனை கட்டுப்பாடு வந்தது. நல்ல காரியம் என்று சொல்லும்போது அது எதைச் செலவழித்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் நம்புவார்கள்.

குரைத்தது பற்றி எனக்குத் தெரியவில்லை, ஐயா சொல்லுங்கள்.


செந்தூல்_வாத்தியார் எழுதியது:

தம்பி சாமுவேல் சொன்னது நியாயம், அதை மறைக்கக் கூடாது.

குரைத்த கதைக்கு வருகிறேன், இதை நான் சரியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 200 வருடமாகத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டோன் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த உடல் அசைவுகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்: விழுவது, வெட்டி இழுப்பது, ஆடுவது, சிரிப்பது, ஓடுவது, பாடுவது. குரைப்பது என்று தனியாக ஒன்று இல்லை என்கிறார். வெட்டி இழுக்கும்போது தொண்டையிலிருந்து தானாக ஒரு சத்தம் வரும், அதற்கு ஏளனம் பண்ணுகிறவர்கள் வைத்த பெயர் அது. கிழக்கு டென்னசியில் ஒரு வயதான போதகர் தனியாக ஜெபிக்கக் காட்டுக்குள் போயிருக்கிறார், அங்கே அவருக்கு இழுப்பு வந்துவிட்டது, விழாமல் இருக்க ஓர் இளமரத்தைப் பிடித்துக்கொண்டார், தலை பின்னுக்கு வெட்டும்போது முகம் மேலே பார்க்க அந்தச் சத்தம் வந்தது. வழியில் வந்த ஒருவன் அதைப் பார்த்து, கிழவர் மரத்தைப் பார்த்துக் குரைக்கிறார் என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். ஒரு வயதானவர் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்த இடம் அது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கதையை யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

இழுப்பு உண்மையாகவே நடந்தது. பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் ஊழியர், 1846 தேர்தலில் லிங்கனிடம் தோற்ற அதே கார்ட்ரைட், கொண்டை அவிழ்ந்து பெண்களின் நீண்ட கூந்தல் வண்டிக்காரன் சாட்டை மாதிரி சத்தம் போட்டது என்று எழுதியிருக்கிறார். நம்ப வந்தவர்களுக்கும் வந்தது, கேலி பண்ண வந்தவர்களுக்கும் வந்தது. எது ஆவியானவர், எது கூட்டத்தின் சூடு என்று அன்றைக்கே ஊழியர்களுக்குள் வாக்குவாதம் இருந்தது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மாதக்கணக்கில் வேறு மனித முகம் பார்க்காத ஜனங்கள் திடீரென்று ஆயிரக்கணக்கான பேரோடு இரவு முழுக்கப் பாடுகிறார்கள், அழுகிறார்கள். உடம்பு அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.


ஜோர்ஜ்டவுன்_ரூபி எழுதியது:

நான் ஒன்று சேர்க்கிறேன், மலர், இதை நீங்கள் பேச்சில் விடக் கூடாது. அந்தக் கூட்டங்களில் கறுப்பின மக்களும் இருந்தார்கள், பெரும்பாலோர் அடிமைகள். ஒரே காட்டில், ஒரே பிரசங்கம் கேட்டு. ஆனால் பிரசங்க மேடைக்குப் பின்பக்கம் அவர்களுக்குத் தனி இடம், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நடுவில் பலகை அடைப்பு வைத்துப் பிரிப்பதும் உண்டு. வெள்ளைக்காரர்கள் தூங்கப் போன பிறகும் அவர்கள் பக்கம் விடிய விடியப் பாட்டு நிற்காது. பாட்டுப் புத்தகம் கிடையாது, இருந்தாலும் படிக்கத் தெரியாது, படிக்கக் கற்றுக்கொள்ள விடவும் மாட்டார்கள். அதனால் ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாட, ஒரே பல்லவி பத்துத் தடவை வரும். 1819இல் வாட்சன் என்ற ஒரு மெதடிஸ்ட், துண்டு துண்டு வரிகளை நீட்டி நீட்டிப் பாடுகிறார்கள் என்று குறை சொல்லியே புத்தகம் போட்டார். இன்றைக்கு நாம் கையைத் தட்டிக்கொண்டு பாடுகிற கோரஸ் இருக்கிறதே, அதன் வேர் ஒன்று அங்கே இருக்கிறது.

மெதடிஸ்டுகள் 1784இல் அடிமை முறைக்கு எதிராகத் தீர்மானம் போட்டவர்கள். அப்புறம் ஆள் சேரச் சேர அதைத் தளர்த்திக்கொண்டே வந்து, கடைசியில் 1844இல் இந்த விஷயத்திலேயே சபை இரண்டாக உடைந்தது. ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் ஊழியர், பெண்கள் பிரசங்கிக்கவே கூடாது என்ற காலத்தில், நூற்றுக்கணக்கான மைல் நடந்தும் வண்டியிலும் போய்க் கேம்ப் மீட்டிங்கில் பிரசங்கித்திருக்கிறார், 1836இல் தன் கதையைத் தானே அச்சிட்டிருக்கிறார். உங்கள் வாலிபப் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அப்புறம் நம் ஊருக்கு வந்த கோடு. கேம்ப் மீட்டிங்கை அதிகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் மெதடிஸ்டுகள்தான், பெரிய வலை போட்டு மீன் பிடிக்கிற மாதிரி என்று அமெரிக்க மெதடிஸ்ட் பிஷப் ஆஸ்பரி சொல்லுவாராம். 1811இல் வருடத்துக்கு 400க்கு மேல் நடக்கிறது என்று அவரே கணக்கு எழுதியிருக்கிறார். கென்டக்கிக்கு ஆற்றைத் தாண்டினால் ஒஹாயோ. அந்த ஒஹாயோவில் 1836இல் பிறந்தவர்தான் தோபர்ன் என்ற மெதடிஸ்ட் மிஷனரி. அவர் இந்தியாவுக்கு வந்து, 1885 பிப்ரவரியில் ஓல்டாம் என்ற இன்னொரு மிஷனரியோடு சிங்கப்பூரில் இறங்கினார், அங்கிருந்துதான் மலாயா மெதடிஸ்ட் சபை. ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். ஆக அந்தக் கோடு ஒஹாயோவிலிருந்து இந்தியா வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. கேரளாவில் பம்பை ஆற்று மணலில் வருடா வருடம் நடக்கிற மாரமண் கன்வென்ஷனை நம் ஊர் மார்த்தோமா சபையார் சொல்லுவார்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. அதைக் கென்டக்கியின் பிள்ளை என்று சொல்லக் கூடாது, அதற்கு வேறு வேர்கள் உண்டு. ஆனால் வறண்ட ஆற்று மணல், ஓலைப் பந்தல், தரையில் உட்காரும் பெருங்கூட்டம் என்று பார்த்தால் சொந்தம் மாதிரி இருக்கிறது.


பட்டர்வொர்த்_மலர் எழுதியது:

ஐயா, ரூபி அக்கா, சாமுவேல் அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை, நன்றி. ஜரீனா லீ நிச்சயமாக வருகிறார். ஒரே ஒரு சந்தேகம். இரவில் எப்படிச் சமாளித்தார்கள்? கரண்ட் இல்லை, காடு. எங்கள் கேம்ப்பில் ஜெனரேட்டருக்கே பெரிய செலவு.


செந்தூல்_வாத்தியார் எழுதியது:

அதுதான் வந்தவர்கள் எல்லோரும் மறக்காமல் எழுதிய விஷயம், மகளே. மெழுகுவத்தி, விளக்கு எல்லாம் மரக்கிளைகளில் கட்டியிருப்பார்கள். பிற்பாடு வந்த கூட்டங்களில் ஆள் உயரத்துக்கு நான்கு கால் நட்டு, மேலே பலகை பரப்பி, அதன் மேல் மண் கொட்டி, அந்த மண் மேல் பைன் கட்டையில் தீ வளர்ப்பார்கள். நான்கு மூலையிலும் இந்த மாதிரி. கீழேயிருந்து வெளிச்சம் ஏறிப்போய் இலைகளின் அடிப்பக்கம் முழுக்கத் தங்கமாகத் தெரியும். மேடைக்கு முன்னால் ஒரு அடைப்பு, உள்ளே வைக்கோல் பரப்பி, பலகை போட்டிருக்கும், பாவத்துக்காகத் துக்கப்படுகிறவர்கள் வந்து உட்காரும் பலகை. அவர்கள் பக்கத்தில் மற்றவர்கள் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள். நம் கன்வென்ஷன் கூட்டத்தில் கடைசியில் "ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிடுகிறார்களே, அது அந்தப் பலகையிலிருந்து வந்ததுதான். சுற்றிலும் வட்டமாகவோ சதுரமாகவோ கூடாரங்கள், எல்லா வாசலும் மேடையைப் பார்த்து. ஆகஸ்ட் மாதம் ஏன் என்றால், பயிருக்குக் களை எடுத்து முடித்து அறுப்புக்குக் காத்திருக்கும் நேரம் அது, வீட்டை விட்டு வர முடியும்.

நீ பேசும்போது விழுந்ததையும் இழுத்ததையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடு. தங்கியதைச் சொல். மூன்று நாள், ஐந்து நாள், யாரோ ஒருவரின் வண்டிக்குப் பக்கத்தில் தூங்கி, யாரோ ஒருவரின் அடுப்பில் சமைத்து, யாரோ ஒருவரின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜெபித்த ஜனங்கள் அவர்கள்.


பட்டர்வொர்த்_மலர் எழுதியது:

நேற்று இரவு பாட்டியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கூந்தல் சாட்டை மாதிரி என்றதும் கண்ணை விரித்தார். பிறகு தோட்டத்துக் கூட்டத்தைப் பற்றி விவரமாகக் கேட்டேன், இத்தனை வருடத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. ரப்பர் பால் கொட்டகைக்குப் பக்கத்துத் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து நடக்குமாம். மற்ற தோட்டங்களிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள், இரவு திரும்ப முடியாது, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு தடவை பதினோரு பேர். பாட்டியின் அம்மா விடியற்காலை பால்வெட்டுக்குப் போகும் முன் எல்லோருக்கும் கறுப்புக் கோப்பி கலந்து வைத்துவிட்டுப் போவாராம். என்ன பிரசங்கம் என்று கேட்டேன், அது நினைவில்லை என்றார். யார் யார் படுத்திருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

எங்கள் கேம்ப்பில் இடம் கிட்டத்தில் என்பதால் பாதிப் பேர் இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வருவதாகத்தான் திட்டம். இன்று காலை வாலிபர் தலைவரிடம் பேசிவிட்டேன், எல்லோரும் மண்டபத்திலேயே தங்கலாமா என்று. பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பெண்களுக்கு மேல்மாடி, பையன்களுக்குக் கீழே, காவலுக்கு இரண்டு மூப்பர்கள், இதெல்லாம் சரி செய்தால் ஆகும் என்றார். "விட்டுவிடு" என்று சொன்ன அந்தப் பெரியவரையே காவலுக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன். பாய் மட்டும் ஆளுக்கொன்று கொண்டு வரச் சொல்ல வேண்டும்.